எல்லாத் திரைக்கும் பொதுவான மரியாதை

அமைச்சரின் சகலையை ஒரு திரை வரிசையில் நிற்கச் சொன்னதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அது சார்பதிவாளர் அலுவலகத்துத் திரை. 'வணக்கம். தயவுசெய்து வரிசையில் நிற்கவும்' என்றது. அவருக்கு முன்னால் நின்ற ஆட்டோக்காரரிடமும் அதையேதான் சொல்லியிருந்தது. வரிசையில் நிற்பதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. எல்லோருக்கும் சொன்னதையே தனக்கும் சொல்லிவிட்டதே என்பதுதான் தாங்கவில்லை. அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. அவர் மனைவி தன் அக்காவிடம் அழுதாள், அக்கா அமைச்சரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அமைச்சர் துறைச் செயலரைக் கூப்பிட்டார். அரசாங்கக் கொள்கைகள் இப்படித்தான் உருவாகின்றன.

நாடு ஏகத்துக்கும் முன்னேறியிருந்த காலம் அது. பேருந்து நிறுத்தம், லிஃப்ட், வங்கி, ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, சுடுகாட்டு வாசல் என்று மனிதன் கால் வைக்கிற இடத்திலெல்லாம் ஒரு திரையும் அதன் தலையில் ஒரு கேமராவும் வந்துவிட்டன. முகத்தைப் பார்த்து, பேர் சொல்லி அழைத்து, வேலையை முடித்து அனுப்பும். லஞ்சம் கேட்காது, டீ குடிக்கப் போகாது. ஆனால் அதனிடம் ஒரு பெரிய குறை இருந்தது. ஒருவரின் பேர் அதற்குத் தெரியும், முகவரி தெரியும், ரத்த வகைகூடத் தெரியும். அவர் யார் என்பது மட்டும் தெரியாது. நம் ஊரில் இந்த வித்தியாசத்தை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மாநிலத்தின் அத்தனை திரைகளையும் செய்து கொடுத்தது நேர்முகம் டெக்னாலஜீஸ் என்ற ஒரே கம்பெனி. அதன் தலைவர் நந்தகோபால் எதைச் சொன்னாலும் 'சிம்பிள்' என்று முடிப்பவர். தலைமைப் புரோகிராமர் இளவேனில். முப்பத்தாறு வயது, தன் வேலையில் கெட்டிக்காரி, அது தனக்கே தெரிந்தவள். துறையிலிருந்து துணைச் செயலர் வந்து உட்கார்ந்து, ஏஸி போதவில்லை என்று சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"யார் யாருக்கு என்ன மரியாதையோ அது திரையில தெரியணும். எத்தன திரை இருக்கு?"

"திரை லட்சக்கணக்குல இருக்கு சார். டெம்ப்ளேட் நாப்பதாயிரம்" என்றாள் இளவேனில்.

"டெம்ப்ளேட்னா?"

"கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவங்ககிட்ட அச்சு ரெடியா இருக்கும்ல சார், பேரும் தேதியும் மட்டும் காலியா விட்டு? அது மாதிரி. வங்கிக்கு ஒரு அச்சு, லிஃப்டுக்கு ஒரு அச்சு. ஆள் வந்ததும் காலி இடத்துல விவரத்தப் போட்டுக் காட்டும்."

"அப்ப நாப்பதாயிரத்தையும் ஒவ்வொண்ணாத் திறந்து மரியாதைய எழுதணுமா? அடுத்த தேர்தலே வந்துடுமேம்மா."

"வேண்டாம் சார். ஹோட்டல்ல இட்லிக்கு, வடைக்கு, பொங்கலுக்குன்னு தனித்தனியாவா சாம்பார் வைக்கிறாங்க? ஒரே அண்டா. எந்த மேஜைக்குப் போற தட்டுக்கும் அதுலேருந்துதான் ஊத்துறாங்க. ஒரு ஆளுக்கு எவ்வளவு மரியாதைங்கறத ஒரே இடத்துல பொதுவா வச்சுட்டாப் போதும். எல்லா டெம்ப்ளேட்டும் தானா அதுலேருந்து எடுத்துக்கும்."

துணைச் செயலருக்குச் சாம்பார் புரிந்தது. "அண்டாவுல உப்பு கூடிப்போச்சுன்னா?" என்றார்.

"எல்லா மேஜைக்கும் கூடிடும்" என்று சிரித்தாள் இளவேனில்.

"கூடாது சார். சிம்பிள்" என்றார் நந்தகோபால்.

மரியாதையை எப்படி அளப்பது என்பதில்தான் கூட்டம் கொஞ்ச நேரம் திணறியது. சாதியைத் தொடக்கூடாது, மதத்தைத் தொடக்கூடாது, யாராவது கோர்ட்டுக்குப் போய்விடுவார்கள். வருமானத்தைத் தொட்டால் வருமான வரிக்காரர்களே மரியாதை கேட்டு வருவார்கள். இளவேனிலிடம் இதற்கும் பதில் இருந்தது.

"ஒருத்தர் யாருன்னு நாம கேக்கவே வேண்டாம் சார். அவர் வந்தா மத்தவங்க என்ன செய்யறாங்கன்னு மட்டும் பார்ப்போம். எழுந்திருக்காங்களா, வழி விடறாங்களா, மடிச்சுக் கட்டின வேட்டிய இறக்கி விடறாங்களா, நாற்காலிய இழுத்துப் போடறாங்களா. கேமரா பார்த்துக் கணக்கு வச்சுக்கும். மரியாதை உள்ளவங்க எழுந்து நின்னா அதுக்கு மதிப்பு ஜாஸ்தி, எழுந்திருக்கலைன்னாக் கழிச்சுக்கும், அவ்வளவுதான்."

"அப்ப இதுல சாதியே இல்ல?"

"ஒரு துளிகூட இல்ல சார்."

துணைச் செயலர் நெகிழ்ந்துபோனார். சாதியே இல்லாத மரியாதை என்று தன் குறிப்பில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக்கொண்டார்.

இளவேனில் அதை மனதார நம்பித்தான் சொன்னாள். அவள் மேலக்குறிச்சி காலனியில் பிறந்தவள். அந்த ஊரில் அவளைப் பார்த்து யாரும் எழுந்ததில்லை. சென்னைக்கு வந்த பிறகுதான், அவள் அறைக்குள் நுழைந்தால் பத்துப் பேர் எழுந்தார்கள். படிப்புக்கும் வேலைக்கும் எழுந்தார்கள். இந்தக் கணக்கில் தனக்கு வரப்போகிற எண், தானே சம்பாதித்த எண்ணாக இருக்கும் என்று நினைத்தாள். நிறையப் படித்தவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய நம்பிக்கை அது.

திட்டம் அமோகமாக ஓடியது. சகலை மறுபடி சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனபோது, 'வாருங்கள் ஐயா, முதல் கவுண்டர் தங்களுக்காகத் திறந்திருக்கிறது' என்று திரை குழைந்தது. அவர் அன்று இரண்டு வேளைச் சாப்பாட்டை ஒரே வேளையில் சாப்பிட்டார். இளவேனிலுக்காக லிஃப்ட் காத்து நின்றது, காபி மெஷின் காலை வணக்கம் சொன்னது, ஒரு விழாவில் பொன்னாடைகூடப் போர்த்தினார்கள். நந்தகோபாலுக்குப் போன் செய்தால் முதல் மணியிலேயே எடுத்தார், ஏனென்றால் அவருடைய போனும் அந்த அண்டாவிலிருந்துதான் ஊற்றிக்கொண்டது.

அப்போதுதான் ஊரிலிருந்து அவள் அம்மா மாரிக்கண்ணு, நெஞ்சு கரிக்கிறது என்று சொன்னாள். மாரிக்கண்ணு ஒன்றைச் சொல்கிறாள் என்றால் அது பத்து நாளாக இருக்கிறது என்று அர்த்தம். கூட்டிவந்து நல்ல ஆஸ்பத்திரியில் காட்டுவது என்று முடிவுசெய்து, இளவேனில் காரை எடுத்துக்கொண்டு போனாள். அவள் ஊருக்குப் போய் வருஷக்கணக்காகிவிட்டது. அம்மாதான் திருவிழா முடிந்ததும் பலகாரத்தைக் கட்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, இரண்டு நாளில் ஓடிவிடுவாள்.

காலனித் தெருவுக்குள் கார் போகாது. அம்மாவைப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கச் சொல்லியிருந்தாள். நிறுத்தத்துப் பெஞ்சில் நாலு பேர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள், இன்னும் மூன்று பேர் உட்கார இடம் இருந்தது. மாரிக்கண்ணு தூணைப் பிடித்துக்கொண்டு வெளியே மாலை வெயிலில் நின்றாள்.

"உக்காரலாம்ல ம்மா?"

"இருக்கட்டும் தாயி. நின்னாத்தான் நெஞ்சுக்கு இதமா இருக்கு."

பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவர், "மாரிக்கண்ணு மகளா? மெட்ராஸ்ல என்ன வேல பாக்குற?" என்று கேட்டார். சொன்னாள். "கம்ப்யூட்டரா" என்று சொல்லிவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடையில் அவளுக்கு மட்டும் பேப்பர் கப்பில் டீ வந்தது, பெஞ்சுக்குக் கண்ணாடித் தம்ளரில் போனது. இளவேனில் அதைப் பார்த்தாள். அம்மாவின் நெஞ்சு முதலில் சரியாகட்டும் என்று டீயைக் குடித்து முடித்தாள். பண்ணை வீட்டுப் பேரன் பைக்கில் போனான். தூணைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, இடுப்பில் செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டு, மாரிக்கண்ணு தெரு ஓரத்துக்குப் போய் நின்றாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. ஆனால் நிறுத்தத்துக் கூரையில் இருந்த கேமரா பார்த்தது. அது இளவேனில் போட்ட கணக்குப்படிதான் பார்த்தது.

வழியெல்லாம் அம்மா கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். சென்னை வந்து சேர்ந்தபோது விடிந்துவிட்டது. அடுக்குமாடிக் கேட், 'காத்திருக்கவும்' என்றது. வழக்கமாகத் தூரத்திலேயே திறக்கிற கேட் அது. பிறகு லிஃப்ட் திறந்தது, இருவரையும் பார்த்தது, 'அடுத்த லிஃப்டில் வரவும்' என்று மூடிக்கொண்டது. அடுத்த லிஃப்டும் அதையே சொன்னது. எதிர்வீட்டு நாய்க்குட்டி தனியாக வந்தது, அதற்கு உடனே கதவு திறந்தது. அதைப் பார்த்தால் எல்லோரும் குனிகிறார்களே, கேமரா அதற்கு என்ன செய்யும்.

மாரிக்கண்ணு படிக்கட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். முகத்தில் வேர்வை. ஆனாலும் ஏதோ ஒரு கலக்கம் நீங்கியது போல இருந்தாள்.

"பட்டணம் எப்பவும் வேற மாதிரி இருக்கும், பயந்துக்கிட்டேதான் வருவேன் தாயி. இப்ப நம்மூரு கணக்காத்தான் இருக்கு."

இளவேனிலுக்கு அந்த வேர்வை பிடிக்கவில்லை. மாடிக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பினாள்.

அவசரப் பிரிவின் வாசலில் இருந்த திரை, 'வலி எவ்வளவு? ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லவும்' என்றது. மாரிக்கண்ணு அதைக் கும்பிட்டாள்.

"நல்லா இருக்கேன் சாமி."

"பத்துன்னு சொல்லும்மா. பத்து. பத்து போட்டுக்கோ" என்று இளவேனில் திரையிடம் சொன்னாள். திரை அவள் முகத்தையும் ஒரு முறை பார்த்தது. யார் சொன்னால் எவ்வளவு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அதற்குத் தெரியும். 'நிலை: சாதாரணம். வெளிநோயாளர் பிரிவுக்குச் செல்லவும்' என்று அம்பு காட்டியது.

வெளிநோயாளர் கூடத்தில் இவர்கள் நுழைந்தபோது வேறு யாருமே இல்லை. டாக்டரும் வரவில்லை. டாக்டர் வந்த பிறகு ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். பட்டு ஜிப்பா போட்ட ஒருவர், கொஞ்ச நாளாகக் கொட்டாவி அதிகமாக வருகிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். திரையில் அவர் பேர் ஏறியது. மாரிக்கண்ணுவின் பேர் அடியிலேயே கிடந்தது.

நர்ஸிடம் போய், "நாங்கதாங்க முதல்ல வந்தோம்" என்றாள் இளவேனில்.

"தெரியும்மா. நான் பார்த்தேனே."

"அப்ப கூப்பிடுங்க. அவங்களுக்கு நெஞ்சு வலி."

"சிஸ்டம்ல கடைசியா இருக்குதும்மா" என்றாள் நர்ஸ், உண்மையான வருத்தத்தோடு.

இளவேனில் நந்தகோபாலுக்குப் போன் செய்தாள். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது' என்று ஒரு குரல் பாட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டது. மறுபடி செய்தாள், மறுபடியும் பாட்டு. தன் குழுவில் இருக்கும் ஜெரால்டைக் கூப்பிட்டாள். அவன் எடுத்தான். யார் கூப்பிட்டாலும் ஒரே மாதிரி மணி அடிக்கிற பழைய போன் அவனுடையது.

"ஜெரால்டு, என் எண்ணைப் பாரு. எங்க அம்மாவோடதையும் பாரு."

அவன் கம்ப்யூட்டரில் தட்டித் தேடினான். "மேடம், ஊருக்குப் போயிருந்தீங்களா?"

"ஆமா."

"அங்க ஒரு பஸ் ஸ்டாப்புல... டீக்கடையிலயும். அங்க நடந்ததெல்லாம் பொதுவுல ஏறிடுச்சு மேடம். அதான் எல்லாத் திரைக்கும் போகுது. உங்களோடது இனி கொஞ்சம் கொஞ்சமா ஏறிடும். அம்மாவோடது..." நிறுத்திக்கொண்டான். "அவங்களுக்கு ஏறுறதுக்கு யாராவது எந்திரிக்கணும் மேடம். இதுவரைக்கும் ஒருத்தர்கூட எந்திரிச்சதா கேமராவுல இல்ல."

"போனை நந்தகோபால்கிட்ட கொண்டுபோய்க் குடு."

அவன் ஓடுகிற சத்தம் கேட்டது. நந்தகோபால் எடுத்ததும் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பொதுவிலிருந்து மரியாதையை உடனே எடுத்துவிட வேண்டும் என்றாள்.

"எப்படிம்மா எடுக்கிறது? ஒரு புகாராவது வந்திருக்கா? நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேர் திருப்தின்னு ரிப்போர்ட் இருக்கு."

"புகார் பக்கமும் அதே டெம்ப்ளேட்தான் சார். எங்க அம்மா மாதிரி ஆளுங்க புகார் குடுத்தா அது கடைசியாத்தான் வந்து சேரும். அடுத்த வருஷம் வரும்."

"இளவேனில், நீயேதானே சொன்ன, இதுல சாதியே இல்லன்னு."

"நாம கேக்கலைன்னுதான் சார் சொன்னேன். ஊர் கேட்டு வச்சிருக்கு. நம்ம கேமரா அத எழுதிக்குது. ஒரு பஸ் ஸ்டாப்புல இருந்தத மாநிலம் பூரா ஊத்திட்டோம்."

"அம்மாவுக்கு நான் தனியா ஏற்பாடு பண்றேன். ஒரு லெட்டர் போடு, நாளைக்கு மீட்டிங்ல வச்சு ஒரு விதிவிலக்கு குடுத்துடலாம். சிம்பிள்."

அவள் திரும்பிப் பார்த்தாள். மாரிக்கண்ணு சுவரில் சாய்ந்து ஒரு கையால் இடது தோளை அழுத்திக்கொண்டிருந்தாள். காலி நாற்காலிகள் இருந்தும் உட்காரவில்லை. நாளைய மீட்டிங்வரை இளவேனில் காத்திருக்கப் போவதில்லை. போனை வைத்துவிட்டுப் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள், அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

தேட வேண்டியிருக்கவில்லை. எல்லா டெம்ப்ளேட்டுக்கும் மரியாதையைக் கொடு என்று சொல்கிற வரி ஒன்றே ஒன்று. அவள் கையால் எழுதியது. வேலை போகும், வழக்கு வரும், பொன்னாடை போர்த்தியவர்களே சாட்சிக்கு வருவார்கள் என்பதெல்லாம் தெரிந்தது. அழித்தாள். அனுப்பினாள்.

கூடத்துத் திரை ஒரு முறை கண்ணைச் சிமிட்டியது. மேலே இருந்த பேரும் கீழே இருந்த பேரும் சேர்ந்து காணாமல் போயின. 'வணக்கம்' என்ற சொல் மட்டும் நின்றது, அதற்குப் பக்கத்தில் வெறும் இடம். மாநிலம் முழுக்க லட்சக்கணக்கான திரைகள் அந்த நிமிஷம் யாருக்கு எப்படி வணக்கம் சொல்வது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருக்கும். இளவேனிலுக்குச் சந்தோஷம் பொங்கியது. எத்தனையோ விருதுகளில் கிடைக்காத சந்தோஷம்.

நர்ஸ் திரையை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தாள். பிறகு கூடத்தைப் பார்த்து, "சிஸ்டம் போயிடுச்சு. வந்த வரிசைப்படி எல்லாரும் வாசல்ல நில்லுங்க" என்றாள்.

எல்லோரும் எழுந்தார்கள். யாரும் யாரையும் இடிக்கவில்லை, ஒரு சின்னச் சச்சரவுகூட இல்லை. பட்டு ஜிப்பாவுக்கு இரண்டு பேர் ஒதுங்கி வழி விட்டார்கள். அவருக்குப் பின்னால் தங்கச் சங்கிலி போட்ட அம்மாள், அடுத்து கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய இளைஞன், அவனுக்குப் பின்னால் பெயின்ட் ஒட்டிய சட்டைக்காரர். ஒருவர் சேலையை ஒருவர் பார்த்தார்கள், செருப்பைப் பார்த்தார்கள், நிற்கிற விதத்தைப் பார்த்தார்கள். கேமராவுக்கு ஆகிற நேரம்கூட ஆகவில்லை. திரையில் இருந்த வரிசை அப்படியே தரையில் வந்து நின்றது. மாரிக்கண்ணு எல்லோரும் நின்று முடிக்கும்வரை பொறுத்திருந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து, கடைசி ஆளுக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்றாள்.

"முதல்ல வந்தது யாருங்க?" என்று நர்ஸ் கேட்டாள்.

"நான்தான்" என்றார் பட்டு ஜிப்பா. அவர் பொய் சொல்கிற மாதிரியே இல்லை.

நர்ஸுக்குத் தெரியும். வரிசையில் பாதிப் பேருக்குத் தெரியும். எல்லோரும் வெறுமையாக இருந்த திரையைப் பார்த்தார்கள். மாரிக்கண்ணு மட்டும், ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

இளவேனில் லேப்டாப்பைத் தரையிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். தான் அழித்தது எதை என்று அவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு போய் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரிசையின் ஓரமாகவே முன்னால் நடந்தாள்.

"எங்க அம்மாதான் முதல்ல வந்தாங்க. தள்ளுங்க."

"சும்மாரு தாயி. அவுகளுக்கும் அவசரம் இருக்கும்ல" என்று மாரிக்கண்ணு பின்னுக்கு இழுத்தாள். ஒவ்வொருவரிடமும், "கோவிச்சுக்கிடாதீக, சின்னப் புள்ள" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

"என்னம்மா இது, ஒரு ஒழுங்கு முறை வேண்டாமா?" என்றார் பட்டு ஜிப்பா. பின்னால் நாலு பேர் அதை ஆமோதித்தார்கள். இளவேனில் கதவைத் தள்ளித் திறந்து அம்மாவை உள்ளே விட்டாள்.

டாக்டருக்கு வயது அதிகம் இல்லை. மேஜைத் திரை வேலை செய்யாததால் அவர் ஆளை நேராகப் பார்த்தார். பார்த்ததும் வேறு பேச்சில்லாமல் ஈசிஜி எடுத்தார். காகிதம் வெளியே வர வர அவர் முகம் மாறியது. போனை எடுத்து யாரையோ ஸ்ட்ரெச்சர் கொண்டுவரச் சொன்னார்.

"அட்டாக் வந்து ரொம்ப நேரம் ஆயிருக்கு. இதயத்துல ஒரு பக்கம் வேலை செய்யறது நின்னுடுச்சு. உசுரக் காப்பாத்திடலாம், ஆனா அந்தப் பக்கம் இனி திரும்பாது. இத உடனே பார்த்திருக்கணும்." காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினார். குரலில் கோபம் இருந்தது. "ஆஸ்பத்திரிக்கு எப்ப வந்தீங்க? எவ்வளவு நேரமா வெளிய உக்கார வச்சாங்க? சொல்லுங்க, எழுதணும்."

இளவேனில் வாயைத் திறந்தாள். கதவருகே நர்ஸ் வந்து நின்று டாக்டரின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாரிக்கண்ணு அவள் முகத்தைப் பார்த்தாள்.

"இப்பத்தான் அய்யா வந்தோம்" என்றாள். "வந்ததும் கூப்புட்டுட்டாக."

டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.